டயர் செருப்பு

டயர் செருப்பு என்பது தேய்ந்து கழிக்கப்பட்ட ஊர்தி டயரை வெட்டி, அதனை அடிப்பாகமாக அமைத்துக் கையால் செய்யப்படும் திறந்த காலணி ஆகும். இதன் வார்கள் டயரின் உட்குழாயான டியூப்பிலிருந்தோ, மெல்லியதாகச் சீவிய டயர்ப் பட்டையிலிருந்தோ, தோலிலிருந்தோ வெட்டப்படுகின்றன. தமிழ்நாட்டின் மானாவாரி நிலப்பகுதிகளில் உழவர்கள், ஆடுமாடு மேய்ப்போர், கல்லுடைப்போர், கிணறு வெட்டுவோர் முதலியோர் இதனைப் பரவலாக அணிந்து வந்தனர். இத்தகைய செருப்புகள் மெக்சிக்கோ, கென்யா, வியட்நாம் முதலிய நாடுகளிலும் உள்ளன.

குதிகால் உயராத தட்டையான அடி, விரல்களை நெருக்காத திறந்த முன்பகுதி, மென்மெத்தை இல்லாமை ஆகியவற்றில் டயர் செருப்பு, 2000களில் மேலைநாடுகளில் பரவிய வெறுங்கால் பாணிக் காலணிகளை ஒத்திருக்கிறது. ஆயினும் நீடித்துழைப்பில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செல்பவை. டயர் செருப்பு நெடுநாள் உழைப்பதற்காகத் தரையை உணரும் தன்மையை விட்டுக்கொடுக்கிறது. வெறுங்கால் பாணிக் காலணி தரையை உணர்வதற்காக நீடித்துழைப்பை விட்டுக்கொடுக்கிறது.

## பெயர்

'செருப்பு' என்னும் சொல் இன்றைய வழக்கில் பெரும்பாலும் மேற்புறம் திறந்த காலணியைக் குறிக்கும். முழுமையாக மூடிய காலணி தமிழ்நாட்டில் 'ஷூ' எனவும், இலங்கையில் போர்த்துக்கேய மொழிவழி வந்த 'சப்பாத்து' எனவும் வழங்கப்படுகிறது. கணுக்காலையும் மூடும் காலணி 'பூட்சு' எனப்படும். காலணி, பாதணி என்பன இவை அனைத்துக்கும் பொதுவான எழுத்து வழக்குச் சொற்கள் ஆகும். டயர் செருப்பு அது செய்யப்படும் பொருளால் பெயர் பெற்றது.

## வரலாறு

மோட்டார் ஊர்திகள் பரவுவதற்கு முன்னர் தமிழகச் சிற்றூர்களில் செருப்புகள் மாட்டுத்தோலால் செய்யப்பட்டன. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருட்களைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. இவ்வகைத் தோல் செருப்பு காலுக்கு இசைவானது. எனினும் மழையில் நனைந்தால் ஊறிப் பருத்து, காய்ந்தபின் விறைத்துவிடும். கல் நிறைந்த நிலத்தில் அதன் அடி விரைவில் தேயும்.

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை 1839 இல் சார்லசு குட்இயர் கண்டறிந்தார். காற்றடைத்த டயருக்கு 1888 இல் ஜான் பாய்டு டன்லப் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் டயர் உற்பத்தி 1936 இல் மேற்கு வங்காளத்தின் சாகாகஞ்சில் அமைந்த டன்லப் ஆலையுடன் தொடங்கியது. சென்னையில் 1946 இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பேக்டரி, 1952 இல் தேய்ந்த டயர்களுக்கு மறுமேற்பூச்சு இடும் ரப்பரைச் செய்யத் தொடங்கி, 1960களில் டயர் உற்பத்தியில் இறங்கியது.

கொங்கு நாட்டில் நாமக்கல், சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. லாரி டயர் தேய்ந்ததும் உடனே கழிக்கப்படுவதில்லை. அதன் மேற்பரப்பில் புதிய ரப்பர் ஒட்டப்பட்டு மீண்டும் ஓட்டப்படும். அவ்வாறு புதுப்பிக்க இயலாத நிலையை அடைந்த டயர்களே செருப்பு செய்வோரிடம் வந்து சேர்ந்தன. ஆகவே டயர் செருப்பின் மூலப்பொருள், தன் முதற்பயனை முழுவதுமாக முடித்துவிட்ட ஒன்றாகும்.

## அமைப்பும் செய்முறையும்

டயரின் குறுக்குவெட்டில் மூன்று பகுதிகளைக் காணலாம்.

* மேற்பட்டை: சாலையைத் தொடும் தடித்த ரப்பர் அடுக்கு. தேய்மானத்தைத் தாங்குவதற்காக இதில் கரித்தூள் கலக்கப்பட்டுள்ளது.
* இழை அடுக்குகள்: ரப்பரில் பதிந்த நைலான் இழைகளாலோ எஃகுக் கம்பிகளாலோ ஆனவை. டயருக்கு வலிமை தருபவை இவையே.
* உள்ளடுக்கு: காற்று அல்லது டியூப்பை ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர்.

செருப்பின் அடி பொதுவாக மேற்பட்டையும் இழை அடுக்கும் சேர்ந்த துண்டாகும். மேற்பட்டை தரையைத் தொடுமாறும், இழை அடுக்கின் பக்கம் பாதத்தைத் தாங்குமாறும் வைக்கப்படுகிறது.

செய்முறை பின்வருமாறு அமையும்.

1. நைலான் இழை கொண்ட டயர் தேர்ந்தெடுக்கப்படுகிறது. எஃகுக் கம்பி கொண்ட ரேடியல் டயரைக் கைக்கருவியால் வெட்டுவது கடினம். வெட்டினாலும் அறுபட்ட கம்பி முனைகள் வெளியே நீட்டி, பாதத்தைக் கிழிக்கும்.
2. டயரின் ஓரப்பகுதிகள் நீக்கப்பட்டு, நடுப்பட்டை தனியே எடுக்கப்படுகிறது. ரப்பர் கத்தியைப் பற்றி இழுக்கும் தன்மையுடையது. எனவே வெட்டும்போது தண்ணீர் தெளிக்கப்படுகிறது.
3. அணிபவரின் பாதம் பட்டையின்மீது வைக்கப்பட்டு, அதன் வெளிக்கோடு வரையப்படுகிறது. அளவெண் எதுவும் தேவையில்லை. இடது பாதமும் வலது பாதமும் வெவ்வேறு அளவாக இருந்தாலும் செருப்பு அவற்றுக்கேற்ப அமையும்.
4. பட்டை தேவைக்கேற்பச் சீவி மெல்லியதாக்கப்படுகிறது.
5. பக்கங்களில் துளையிட்டு வார்கள் செருகப்பட்டு, ஆணியால் பூட்டப்படுகின்றன. ஆணியின் முனை மடக்கி அடிக்கப்படுகிறது. பெருவிரலுக்கு ஒரு வளையமும், பாதத்தின் மேற்புறத்தில் ஒன்று அல்லது இரண்டு குறுக்கு வார்களும் இருப்பது வழக்கம். நெடுந்தொலைவு நடப்போர் குதிகாலைச் சுற்றிப் பின்வாரும் வைத்துக்கொள்வர்.

டயர் இயல்பிலேயே வளைந்த வடிவம் கொண்டது. அதனால் புதிய செருப்பின் முன்னும் பின்னும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அணிபவரின் எடையால் நாளடைவில் இவ்வளைவு குறையும்.

## நீடித்துழைப்பு

### அடிப்பாகம்

ரப்பரின் தேய்மான எதிர்ப்பு, குறிப்பிட்ட விசையில் உராய்தாள்மீது தேய்க்கும்போது இழக்கப்படும் கன அளவால் அளக்கப்படுகிறது. ஐ.எசு.ஓ. 4649 என்னும் பன்னாட்டுத் தரத்தில் இம்முறை வரையறுக்கப்பட்டுள்ளது. டயர் மேற்பட்டைக்கான ரப்பர், பல்லாயிரம் கிலோமீட்டர் சாலையில் உருள்வதற்கென உருவாக்கப்பட்டது. அதில் உள்ள கரித்தூள் துகள்கள் ரப்பரின் நெடுமூலக்கூறுகளுடன் பிணைந்து, அது துண்டு துண்டாகக் கிழிவதைத் தடுக்கின்றன. வெயிலாலும் ஓசோன் வாயுவாலும் வெடிப்பு ஏற்படாமல் தடுக்கும் சேர்மங்களும் அதில் கலக்கப்பட்டுள்ளன. சாதாரண நுரைச் செருப்பின் அடியில் இவ்வமைப்பு இல்லை. நுரையில் காற்றுக்குமிழ்களே பெரும்பகுதியாக இருப்பதால், அது விரைவாக அமுங்கவும் தேயவும் செய்கிறது.

அடியின் தடிமனை மாற்றுவதால் ஏற்படும் விளைவுகளை எளிய கணக்கால் விளக்கலாம். 26 செமீ நீளமுள்ள பாதத்துக்கான அடியின் பரப்பு ஏறத்தாழ 220 சதுர செமீ எனவும், ரப்பரின் அடர்த்தி ஒரு கன செமீக்கு 1.15 கிராம் எனவும் கொள்வோம்.

* 4 மிமீ தடிமனுள்ள அடியின் எடை ஏறத்தாழ 100 கிராம்.
* 12 மிமீ தடிமனுள்ள அடியின் எடை ஏறத்தாழ 300 கிராம். ஓரிணைக்கு 600 கிராம்.

ஒரே ரப்பரால் ஆனவை எனில், 12 மிமீ அடி தேய்ந்து தீர 4 மிமீ அடியைவிட மூன்று மடங்கு காலம் ஆகும். எடையும் மூன்று மடங்காகும். ஆனால் ஒரு தகட்டை வளைப்பதற்கான விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. எனவே 12 மிமீ அடி 27 மடங்கு விறைப்பானது. இழை அடுக்குகள் இவ்விறைப்பை மேலும் கூட்டுகின்றன. நீடித்துழைப்பு மூன்று மடங்காகும்போது வளையும் தன்மை இருபத்தேழில் ஒரு பங்காகக் குறைவதே, ஒரே காலணியில் இரண்டையும் பெற இயலாமைக்கு அடிப்படைக் காரணமாகும்.

### வாரும் ஆணியும்

டயர் செருப்பில் முதலில் பழுதாவது பொதுவாக அடி அன்று, வாரும் அதனைப் பூட்டும் ஆணியுமே. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் வார் துளையின் விளிம்பில் மடங்கி இழுபடுகிறது. டியூப் ரப்பர் அவ்விடத்தில் வெடித்துக் கிழிகிறது. வியர்வையாலும் மழைநீராலும் ஆணி துருப்பிடித்துத் தளர்கிறது. அடியில் பதிந்துள்ள நைலான் இழைகள் துளை பெரிதாவதைத் தடுப்பதால், அதே துளையில் புதிய வாரைப் பலமுறை மாற்ற இயலும்.

### பழுதுபார்த்தல்

இச்செருப்பில் பசை பயன்படுத்தப்படுவதில்லை. ஆகையால் அடி 'பிளந்துகொள்ளுதல்' என்னும் பழுது இதில் இல்லை. வாரும் ஆணியும் எளிதில் கிடைப்பவை. குத்தூசி, உளி, சுத்தியல் ஆகிய கருவிகளே பழுதுபார்க்கப் போதுமானவை. அடி ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால், அங்கு வேறொரு டயர்த் துண்டு ஒட்டாக வைத்து அடிக்கப்படுகிறது.

## அன்றாடப் பயன்பாடு

### முள்

திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம், தாராபுரம் பகுதிகளில் 'கொறங்காடு' எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. காங்கயம் இன மாடுகள் வளர்க்கப்படும் இந்நிலங்கள் முள்கிளுவைச் செடிகளால் ஆன உயிர்வேலியால் சூழப்பட்டவை. உள்ளே வெள்வேல மரங்கள் நிற்கும். வெள்வேல், முள்கிளுவை, சீமைக் கருவேல் ஆகியவற்றின் உதிர்ந்த முட்கள் தரையெங்கும் கிடக்கும். இத்தகைய நிலத்தில் செருப்பின் முதற்கடமை முள்ளைத் தடுப்பதாகும். காய்ந்த வேல முள் நுரையாலான மெல்லிய செருப்பை எளிதில் ஊடுருவி உள்ளங்காலைத் தைக்கும். டயரின் தடித்த ரப்பரும் அதன்மேல் உள்ள நைலான் அடுக்கும் சேர்ந்து முள்முனையை நடுவழியிலேயே நிறுத்திவிடுகின்றன. நுனி முறிந்து அடியிலேயே தங்கிய முட்களை அவ்வப்போது பிடுங்கியெறிவது வழக்கம்.

### வெப்பம்

கறுப்பு நிற ரப்பர் வெயிலில் வைத்தால் விரைவில் சூடேறும். எனினும் ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே சுடுமண்ணிலும் தார்ச்சாலையிலும் நடக்கையில் தடித்த அடி பாதத்தைக் காக்கிறது. செருப்பை வெயிலில் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் அணியும்போது மேற்பரப்பின் சூடு பாதத்தைச் சுடும்.

### ஈரம்

டயர் செருப்பு நீரை உறிஞ்சுவதில்லை. நனைந்தாலும் உடனே காய்ந்துவிடும். மேற்பட்டையின் வரிப்பள்ளங்கள் மீதமிருந்தால் சேற்றில் பிடிப்புக் கிடைக்கும். ஆயினும் பெரும்பாலான டயர்கள் வரி முழுதும் தேய்ந்த பின்னரே செருப்பாகின்றன. அத்தகைய வழவழப்பான அடி ஈரப்பாறையிலும் பாசிபடிந்த கல்லிலும் வழுக்கும். ஈரமான உள்ளங்கால் செருப்பின் மேற்பரப்பில் வழுக்குவதும் உண்டு. பின்வார் இல்லாத செருப்பில் மலையிறக்கத்தில் இதனால் பாதம் முன்னோக்கிச் சறுக்கும்.

### காப்பின் எல்லை

டயர் செருப்பு உள்ளங்காலை மட்டுமே காக்கிறது. வயலில் நேரும் பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் நேர்கின்றன. அவற்றைத் திறந்த செருப்பால் தடுக்க இயலாது. கணுக்காலை மூடும் பூட்சு அதற்கு ஏற்றது.

## வெறுங்கால் பாணி மலையேற்றக் காலணிகளுடன் ஒப்பீடு

இன்றைய மலையேற்றக் காலணியின் ரப்பர் அடியும் டயர்த் தொழிலோடு தொடர்புடையதே. 1935 இல் ஆல்ப்சு மலையில் நேர்ந்த விபத்தொன்றில் ஆறு மலையேறிகள் இறந்தனர். அதன் பின்னர் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, டயர் நிறுவனமான பிரெல்லியின் ஆதரவுடன் பள்ளவரிகள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கி, 1937 இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் சுருக்கமே விப்ரம் என்னும் நிறுவனப்பெயர். 1954 இல் கே2 மலையுச்சியை முதன்முதலில் அடைந்த இத்தாலியக் குழுவினர் இவ்வகை அடியைப் பயன்படுத்தினர்.

அதே விப்ரம் நிறுவனமே 2000களின் நடுப்பகுதியில், விரல் ஒவ்வொன்றுக்கும் தனி உறை கொண்ட மெல்லிய காலணியை வெளியிட்டது. 2009 இல் கிறிசுட்டோபர் மெக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' நூலும், 2010 இல் தானியேல் லிபர்மன் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஓட்ட ஆய்வும் வெறுங்கால் பாணிக்கு உலகளாவிய கவனத்தைத் தந்தன. பின்னர் இப்பாணியில் கணுக்காலை மூடும் மலையேற்றக் காலணிகளும் வந்தன. அவற்றின் பொதுவான இயல்புகள்:

* குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வேறுபாடு இல்லாத அடி
* விரல்கள் விரிய இடந்தரும் அகன்ற முன்பகுதி
* சில மில்லிமீட்டர் தடிமனே கொண்ட, எளிதில் சுருட்டத்தக்க அடி
* குறைந்த எடை

இவற்றுள் முதல் இரண்டும் டயர் செருப்பில் உள்ளன. பின்னிரண்டும் இல்லை.

பழுதாகும் முறையிலும் இவை வேறுபடுகின்றன. வெறுங்கால் பாணிக் காலணி விரல்களின் அடிமூட்டில் மிகுதியாக மடங்குகிறது. அதனால் மேற்புறத் தோலோ துணியோ அவ்விடத்தில் வெடிக்கிறது. நீர்புகா மென்படலம் வைத்துத் தைக்கப்பட்டிருப்பின், படலமும் அதே மடிப்பில் கிழிந்து நீரை விடும். மெல்லிய அடி, முன்பாதத்தின் பந்துப் பகுதியிலும் குதிகாலின் ஓரத்திலும் முதலில் ஓட்டையாகும். அடியும் மேற்புறமும் பசையால் இணைக்கப்படுவதால், இணைப்பு பிரிவதும் உண்டு.

மறுபுறம், தடித்த மெத்தை கொண்ட வழக்கமான மலையேற்றக் காலணிக்கு உள்ள ஒரு குறை இவற்றில் இல்லை. பாலியூரித்தேன் மெத்தை ஈரக்காற்றில் நீராற்பகுப்புக்கு உள்ளாகி, அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த தமிழ்நாட்டின் தட்பவெப்பத்தில் இது விரைவாக நிகழும். மெத்தையே இல்லாத காலணிக்கும் டயர் செருப்புக்கும் இச்சிக்கல் நேர்வதில்லை.

எது சிறந்தது என்பதற்கு நிலமே விடை தருகிறது. மென்மண்ணும் இலைச்சருகும் நிறைந்த காட்டுப்பாதையில் மெல்லிய அடி, பாதத்துக்குத் தரையின் சரிவையும் வேரையும் உணர்த்தி நிலைதவறாமல் நடக்க உதவும். திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள உடுமலைப்பேட்டை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. மழைமறைவில் அமைந்த அவற்றின் அடிவாரங்கள் கூர்ங்கற்களும் முட்புதர்களும் நிறைந்தவை. இங்கு 4 மிமீ அடியை முள் ஊடுருவும் வாய்ப்பு மிகுதி. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபின், இத்தகைய வறண்ட வழித்தடங்களில் நடப்போருக்குக் காலணித் தேர்வு கருதத்தக்க ஒன்றாகியுள்ளது.

## உடல்நலம்

### மதுரைக் கால்

வெறுங்காலுடன் நடப்பதன் தீங்குக்கு எடுத்துக்காட்டாக மருத்துவ நூல்களில் இடம்பெறும் நோய் ஒன்று தமிழ்நாட்டின் நகரப் பெயரையே தாங்கியுள்ளது. முட்குத்து வழியாக மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ பாதத்துள் புகுந்து, வலியற்ற வீக்கத்தையும் சீழ்ப்புரைகளையும் உண்டாக்கும். முற்றினால் எலும்பை அரித்து, பாதத்தை அகற்ற வேண்டிய நிலை ஏற்படும். மதுரையில் பணியாற்றிய மருத்துவர் ஜான் கில் 1842 இல் இதனைப் பதிவு செய்தார். அதனால் இது 'மதுரைக் கால்' எனப்பட்டது. பின்னர் என்றி வான்டைக் கார்ட்டர் இதற்கு மைசிட்டோமா எனப் பெயரிட்டார். உலக சுகாதார அமைப்பு 2016 இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. முள் புகாத அடியே இந்நோய்க்கு எதிரான எளிய காப்பாகும். கொக்கிப்புழுவின் இளவுயிரிகள் ஈரமண்ணிலிருந்து தோல்வழியே புகுவதையும் செருப்பு பெருமளவு குறைக்கிறது.

### பாத வளைவு

தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகள் மூடிய காலணியின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. உதய பாசுகர ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகியோர் 2,300 சிறாரின் பாதப்பதிவுகளை ஆராய்ந்து 1992 இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்தோரிடையே தட்டைப்பாதம் 8.6 விழுக்காடாகவும், அணியாதோரிடையே 2.8 விழுக்காடாகவும் இருந்தது. மூடிய காலணி அணிந்தோரிடையே இது மிகுதியாகவும், திறந்த செருப்பு அணிந்தோரிடையே குறைவாகவும் காணப்பட்டது. 1995 இல் சச்சிதானந்தம், ஜோசப் ஆகியோர் 1,846 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வும், ஆறு வயதுக்கு முன்னரே காலணி அணியத் தொடங்கியவர்களிடையே தட்டைப்பாதம் மிகுதி எனக் கண்டது. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகளே. தட்டைப்பாதம் உள்ள அனைவருக்கும் வலியோ இயலாமையோ ஏற்படுவதில்லை.

2019 இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று, வெறுங்காலுடன் நடப்போரின் உள்ளங்காலில் தடித்துவிடும் தோல், பாதத்தைக் காக்கும் அதே வேளையில் தரையை உணரும் திறனைக் குறைப்பதில்லை எனக் கண்டது. காலணியின் தடித்த அடிக்கு இவ்வியல்பு இல்லை.

மெத்தையுள்ள காலணிக்குப் பழகியவர்கள் திடீரென வெறுங்கால் பாணிக்கு மாறுவதும் தீங்கு தரலாம். 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரங்களில் விரலுறைக் காலணிக்கு மாறிய ஓட்டக்காரர்களிடையே பாத எலும்புகளின் மச்சையில் நீர்கோத்தல் மிகுதியாகக் காணப்பட்டது. தன் காலணியின் நலன்களைப் போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், விப்ரம் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 2014 இல் 37.5 இலட்சம் அமெரிக்க டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

### உணர்விழந்த பாதம்

மேற்கூறிய ஒப்பீடுகள் அனைத்தும் பாதம் வலியை உணரும் என்னும் அடிப்படையில் அமைந்தவை. தொழுநோயாலோ நீரிழிவாலோ நரம்பு பழுதுற்றுப் பாதம் உணர்விழந்தால் நிலைமை மாறிவிடும். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் பாதப் புண்கள் நோயால் சதை அழுகுவதால் அன்று, வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதாலேயே ஏற்படுகின்றன என்பதை நிறுவினார். அவ்வகைப் பாதங்களைக் காக்கும் செருப்புகள் வேலூரிலும், 1955 இல் அமைந்த கரிகிரி தொழுநோய் மருத்துவ மையத்திலும் உருவாக்கப்பட்டன. அவற்றின் நெறிகள்:

* பாதத்தைத் தொடும் மேலடுக்கு நுண்ணறை ரப்பரால் ஆன மென்மெத்தையாக இருத்தல்
* தரையைத் தொடும் அடி, முள்ளும் ஆணியும் ஊடுருவாத கடின ரப்பராக இருத்தல் (பழைய டயரும் இதற்குப் பயன்படுத்தப்பட்டது)
* செருப்பு கழன்றுவிடாதபடி பின்வார் இருத்தல்
* ஆணியோ கம்பியோ எங்கும் பயன்படுத்தாமல் தையலாலும் பசையாலும் இணைத்தல்

கடைசி நெறி டயர் செருப்புக்கு நேரடியாகப் பொருந்துவதாகும். அடி தேயத்தேய, வாரைப் பூட்டிய ஆணி மேலெழும்பி உள்ளங்காலில் குத்தும். உணர்வுள்ள பாதம் முதல் அடியிலேயே அதனை அறிந்து செருப்பைக் கழற்றும். உணர்விழந்த பாதமோ நாள் முழுதும் அதன்மேல் நடக்கும். இரவில் பாதத்தைப் பார்க்காவிடில், காயம் ஆழ்ந்த புண்ணாக முற்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. விஜய் விசுவநாதன் குழுவினர் சென்னையில் நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவால் முன்பே புண் ஏற்பட்டவர்கள் மென்மெத்தை கொண்ட சிறப்புச் செருப்பு அணிந்தபோது, புதிய புண்கள் ஏற்படுவது வெகுவாகக் குறைந்தது.

ஆகவே உணர்விழந்த பாதத்துக்கு ஆணியடித்த டயர் செருப்போ, மெல்லிய அடி கொண்ட வெறுங்கால் பாணிக் காலணியோ ஏற்றதன்று. எக்காலணியாயினும் அணியுமுன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பதும், கழற்றியபின் பாதத்தைப் பார்ப்பதும் மருத்துவர்கள் வலியுறுத்தும் வழக்கங்களாகும்.

## சமூகப் பின்னணி

கொங்கு நாட்டில் செருப்பு தைக்கும் தொழிலில் பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தினரே ஈடுபட்டு வந்தனர். ஊருக்கெல்லாம் செருப்பு செய்தளித்த அச்சமூகத்தினர், பல ஊர்களில் ஆதிக்கச் சாதியினரின் தெருக்களில் தாம் செருப்பணிந்து நடக்க இயலாத நிலை இருந்தது. அரசியலமைப்பின் 17 ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்துள்ளது. 1955 ஆம் ஆண்டின் குடிசார் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இத்தகைய தடைகளைக் குற்றமாக்குகின்றன. இருப்பினும் வழக்கம் உடனே மறையவில்லை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள இராஜாவூரில், பட்டியல் சாதியினர் சுமார் 60 பேர், அதுவரை தாங்கள் செருப்பணிந்து செல்ல இயலாதிருந்த தெருவொன்றில் முதன்முறையாகச் செருப்புடன் நடந்து சென்றனர்.

வெறுங்காலுடன் நடத்தல் விருப்பத்தின்பாற்பட்டதாகவும் உள்ளது. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரும், வெள்ளியங்கிரி மலை ஏறுவோரும் பலர் செருப்பணிவதில்லை. இவ்விரண்டும் தோற்றத்தில் ஒன்றாயினும், ஒன்று தாமே ஏற்ற நோன்பு, மற்றொன்று பிறரால் திணிக்கப்பட்ட தடை.

## பிற நாடுகளில்

* மெக்சிக்கோ: ராராமுரி பழங்குடியினர் 'வராச்சே' எனப்படும் செருப்பின் அடிக்கு டயரைப் பயன்படுத்துகின்றனர். 1993 இல் அமெரிக்காவின் லெட்வில் 100 மைல் மலை ஓட்டத்தில் விக்டோரியானோ சூரோ என்னும் ராராமுரி ஓட்டக்காரர் வென்றார். 2017 இல் புவேப்லா மாநிலத்தில் நடந்த 50 கிமீ மலை ஓட்டத்தின் பெண்கள் பிரிவில் மரியா லொரேனா ராமிரெசு டயர் அடி கொண்ட செருப்புடன் ஓடி வென்றார்.
* வியட்நாம்: பிரான்சுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் எதிரான போர்களில் வியட்நாமியப் போராளிகள் டயர் செருப்பை அணிந்தனர். இது 'ஹோ சி மின் செருப்பு' எனவும் அழைக்கப்படுகிறது.
* கென்யா, தான்சானியா: மாசாய் மக்கள் உள்ளிட்டோர் அணியும் டயர் செருப்பு சுவாகிலி மொழியில் 'அக்காலா' எனப்படுகிறது.

## இன்றைய நிலை

டயர் செருப்பின் பயன்பாடு பெரிதும் குறைந்துவிட்டது. இதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, விலை குறைந்த ரப்பர், நெகிழிச் செருப்புகளின் வரவு. இரண்டாவது, வேலையின் மாற்றம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 1980களில் வளர்ந்தபின், சுற்றுவட்டாரத்தின் மானாவாரி உழவர்களும் கூலியாட்களும் பெருமளவில் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் சென்றனர். நாள் முழுதும் தளத்தின்மேல் நிற்பவருக்கு முள் தடுக்கும் செருப்பு தேவைப்படுவதில்லை. மூன்றாவது, மூலப்பொருளின் மாற்றம். 2010களில் இந்திய லாரிகளும் பேருந்துகளும் எஃகுக் கம்பி கொண்ட ரேடியல் டயர்களுக்குப் பெருமளவு மாறின. கையால் வெட்டத்தக்க நைலான் டயர்கள் அருகி வருகின்றன. மேலும், 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி கழிவு டயர்களை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளர்களைச் சார்ந்ததாக ஆக்கப்பட்டுள்ளது. இதனால் பழைய டயர்கள் மறுசுழற்சி ஆலைகளை நோக்கிச் செல்கின்றன.

டயர் செருப்புக்கு அளவெண்ணோ வணிகப்பெயரோ தேவைப்பட்டதில்லை. அதன் ஆயுளை நீட்டித்தவர் அதனைச் செய்தவரே. வாரை மாற்றவும் ஆணியைச் சீர்செய்யவும் அறிந்த கைவினைஞர்கள் குறைவதால், எஞ்சியுள்ள செருப்புகளைப் பழுதுபார்ப்பதும் அரிதாகி வருகிறது.

## இவற்றையும் பார்க்க

* காலணி
* கொறங்காடு
* காங்கயம் காளை
* மதுரைக் கால்
* நீரிழிவுப் பாதப் புண்
* மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்